ஹாம் ரேடியோ: டிஜிட்டல் ரிப்பீட்டரில் பேச ஐ.டி ஏன் அவசியம்... பதிவு செய்வது எப்படி?

புதுசா டிஜிட்டல் வாக்கி டாக்கி வாங்கி, ரிப்பீட்டர் அலைவரிசையும் செட் பண்ணிட்டீங்க. பட்டனை அழுத்திப் பேசினால் பதிலே இல்லையா? செட்டில் கோளாறு என்று முடிவு கட்டாதீங்க. பெரும்பாலும் நீங்கள் யாரென்று அந்த நெட்வொர்க்குக்குத் தெரியாததுதான் காரணம்.

அனலாக் ரிப்பீட்டரில் கால்சைனை வாயால் சொன்னால் போதும். டிஜிட்டலில், ஒவ்வொரு முறை பேசும்போதும் செட்டே உங்கள் அடையாளத்தைக் குரலோடு சேர்த்து அனுப்பும். இன்டர்நெட் வழியாக வெளிநாட்டு ரிப்பீட்டர்கள் வரை அந்தக் குரல் போகும் என்பதால்தான் பதிவு கேட்கிறார்கள்.

முதலில் லைசென்ஸ்

பதிவு என்பது லைசென்ஸ் அல்ல. இந்தியாவில் 12 வயது நிரம்பிய யாரும் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தேர்வை எழுதி லைசென்ஸ் வாங்கலாம். கால்சைன் கிடைத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

டி.எம்.ஆர்

இதற்கு 7 இலக்க ஐ.டி வேண்டும். ரேடியோஐடி.நெட் தளத்தில் கால்சைன், பெயர், ஊர் கொடுத்து, லைசென்ஸ் நகலையும் பதிவேற்றுங்க. கட்டணம் இல்லை. சரிபார்த்ததும் எண் தருவார்கள். முதல் 3 இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும், இந்தியாவுக்கு 404. எத்தனை செட் வைத்திருந்தாலும் ஒரே ஐ.டி போதும். பெயரும் ஊரும் எல்லோருக்கும் தெரியும்படி பட்டியலில் வரும், நினைவிருக்கட்டும்.

டி-ஸ்டார்

ஜப்பான் அமெச்சூர் ரேடியோ லீக் உருவாக்கிய இந்த முறையில் எண் கிடையாது, கால்சைனே அடையாளம். ஏதாவது ஒரு கேட்வே ரிப்பீட்டரில் ஒருமுறை பதிந்தால் உலகம் முழுக்கச் செல்லும். இரண்டு இடங்களில் பதிந்தால் குழப்பம்தான். நிர்வாகி ஒப்புதல் தந்ததும், மறுபடி உள்ளே போய் உங்கள் செட்டுக்கான 'டெர்மினல்' வரியையும் சேர்க்கணும். அந்த இனிஷியல் கட்டத்தில் ஒரே ஒரு ஸ்பேஸ் தட்டணும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

யேசுவின் சிஸ்டம் ஃப்யூஷனில் பேச, செட்டில் கால்சைனைப் பதித்தாலே போதும்.

இரவல் ஐ.டி வேண்டாமே!

'அவசரத்துக்கு நண்பர் ஐ.டி-யைப் போட்டுக்கலாமே' என்று தோன்றலாம். நீங்கள் பேசுவதெல்லாம் அவர் கால்சைனில்தான் பதிவாகும். நீங்கள் விதிமீறினால், கேள்வி வருவது அவர் லைசென்ஸுக்கு! வாய்க்கு வந்த எண்ணைப் போட்டாலும் இதே கதைதான். அது வேறொருவருடையதாக இருக்கலாம்.

எல்லாம் முடிந்ததா? பிராண்ட்மீஸ்டர் நெட்வொர்க்கில் 9990 எண்ணுக்கு பிரைவேட் கால் போட்டுப் பேசிப் பாருங்க. உங்கள் குரல் உங்களுக்கே திரும்பி வந்தால், நெட்வொர்க் உங்களை அடையாளம் கண்டுகொண்டது என்று அர்த்தம்!