கல்லில் நின்ற பெயரும் நில்லாத பெயரும்

போரில் மடிந்தோர்க்குக் கல் நாட்டி வணங்குதல் தமிழர்க்குப் புதிய வழக்கம் அன்று. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என அதன் ஆறு நிலைகளைத் தொல்காப்பியமே வகுத்துரைக்கின்றது. வீரனின் பெயரும் அவன் பெருமையும் அக்கல்லில் பொறிக்கப்பெறும். பெயரே நடுகல்லின் உயிர். இந்த அளவுகோலைக் கொண்டு சிங்கப்பூரின் போர் நினைவுச் சின்னங்களை நோக்கினால், யாருக்குப் பெயர் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது புலனாகும்.

எஸ்பிளனேட் பூங்காவில் உள்ள செனடாப் அவற்றுள் மூத்தது. அக்கிரேக்கச் சொல்லுக்கு வெற்றுக் கல்லறை என்று பொருள். 1920 நவம்பர் 15-இல், பிரான்சின் முன்னாள் பிரதமர் கிளெமன்சோ முன்னிலையில், ஆளுநர் கில்லிமார்ட் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1922 மார்ச் 31-இல் வேல்ஸ் இளவரசர் திறந்து வைத்தார். முதல் உலகப் போரில் உயிர்நீத்த 124 பேரின் பெயர்கள் அதில் உள்ளன. அதன் மறுபுறம் பின்னர் இரண்டாம் உலகப் போரில் மாண்டோர்க்கு உரியதாக்கப்பட்டது. அப்புறத்தில் தமிழ் எழுத்து இடம்பெற்றது. மாண்டவர் பெயர் ஒன்றேனும் இடம்பெறவில்லை.

அதே எஸ்பிளனேடில் 1945 ஜூலை 8-இல், இந்திய தேசிய இராணுவத்தில் உயிர்நீத்தோர்க்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் பொருள்படும் சொற்கள் அச்சின்னத்தில் பொறிக்கப்பட்டன. மலாயாத் தோட்டத் தமிழர் பலர் சேர்ந்திருந்த படை அது. சில மாதங்களுக்குள் திரும்பி வந்த பிரிட்டிஷார் அச்சின்னத்தைத் தகர்த்தனர். அது வெறுங்கல்லாயின் அதனைத் தகர்க்க வேண்டிய தேவை என்ன? 1995-இல் அவ்விடத்தில் அடையாளச் சின்னம் ஒன்று வைக்கப்பட்டது.

1957 மார்ச் 2-இல் திறக்கப்பட்ட கிராஞ்சிச் சின்னத்தின் சுவர்களில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. பட்டாளத்தில் பதிவு பெற்றவர்கள் ஆதலால், இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் அங்கே பிழைத்தன.

பட்டாளத்தைச் சேராத மக்களின் நிலை வேறு. ஜப்பானியர் காலத்தில் கொல்லப்பட்டோரின் எலும்புகள் 1962-இல் சிக்லாப் முதலிய இடங்களில் வெளிப்பட்டன. 1967 பிப்ரவரி 15-இல் திறக்கப்பட்ட பொதுமக்கள் நினைவுச் சின்னத்தின் அடியில் 606 தாழிகள் அடக்கம் செய்யப்பட்டுள்ளன. சீனர், மலாய்க்காரர், இந்தியர், பிற இனத்தார் ஆகியோரைக் குறித்து ஒரே அடித்தளத்தினின்று நான்கு தூண்கள் எழுகின்றன. பெயரற்றவர்களை எல்லோர்க்கும் உறவினராக்கியது அச்சின்னத்தின் சிறப்பு.

ஆனால், 1942-43-இல் சயாம் - பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட நம் தோட்டத் தொழிலாளர்க்கு என்ன கிடைத்தது? ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் மடிந்த போர்க்கைதிகள் பலர்க்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. அவர்களினும் பன்மடங்கு மிகுதியாக மடிந்த ஆசியத் தொழிலாளர்க்கு அத்தகைய கல்லறைகள் இல்லை. 2023-இல் அங்குத் தமிழர்க்கென நடுகல் ஒன்று எழுப்பப்பெற்றது. பழைய மரபு கடல் கடந்தும் மறையவில்லை என்பது மகிழ்ச்சிக்குரியது.

கல் கிடைத்துவிட்டது, இனி வேண்டுவன பெயர்கள். பாட்டன் எந்தத் தோட்டத்திலிருந்து சென்றார், அவர் பெயர் யாது என்பதை அறிந்த குடும்பங்கள் இன்றே எழுதி வைத்தல் கடமையாகும். பெயர் எழுதப்பெறும் நாளில்தான் அந்நடுகல் நிறைவு பெறும்.