300 ஜிபி 150 ஆன கதை

சிகாமட்டில் வெள்ளத்தை ஆண்டு சொல்லித்தான் பேசுவோம்: 2006, 2011, 2023. தண்ணீர் ஏறுகிறது என்றதும் எங்கள் வீட்டில் முதலில் பரணுக்குப் போவது பிறப்புப் பத்திரமும் நிலப் பத்திரமும்தான். அவற்றின் நகல் ஜொகூர் பாருவில் அத்தை வீட்டில் இருக்கிறது.

கணினி உலகமும் வெகுகாலம் நகலைத்தான் நம்பியது. நம்பகமான வழிதான், ஆனால் இடத்தை விழுங்கும். 100 ஜிபி உள்ள விர்ச்சுவல் மெஷின், ஒரு சர்வர் படுத்தாலும் தப்ப வேண்டுமானால் 200 ஜிபி. இரண்டு படுத்தாலும் தப்ப 300.

நகல் எடுக்காமலே காப்பாற்றலாம் என்பதை 1960-இல் இர்விங் ரீடும் கஸ்டவ் சாலமனும் கணிதமாகக் காட்டினார்கள். 1988-இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 'ரெய்ட்' கட்டுரையை எழுதினார்கள். மலிவான டிஸ்க்குகளைச் சேர்த்து, பேரிட்டியை எல்லா டிஸ்க்கிலும் பரப்பி வைக்கும் ரெய்ட்-5 அதில்தான் பெயர் பெற்றது.

பேரிட்டி என்பது இவ்வளவுதான். மூன்று சர்வர்களில் 1, 0, 1 என்று இருக்கிறது. மொத்த ஒன்றுகள் இரட்டைப்படையில் அமையும்படி நான்காவதில் 0 எழுதுகிறோம். மூன்றாவது சர்வர் போய்விட்டது. மிஞ்சியவை 1, 0, 0. ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, ஆகவே தொலைந்தது 1. முதன்முதலில் இதைத் தாளில் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

2016-இல் விஎம்வேர், பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒன்றாக்கும் தன் வீஸான் மென்பொருளின் 6.2 பதிப்பில் இதை ஸ்டோரேஜ் பாலிசிக்குள், அதாவது தரவை எப்படி வைப்பது என்ற விதிக்குள், கொண்டுவந்தது. அதே 100 ஜிபி மெஷினுக்கு ரெய்ட்-5 என்றால் நான்கு சர்வர், 133 ஜிபி. இரண்டு பேரிட்டி வைக்கும் ரெய்ட்-6-க்கு ஆறு சர்வர், 150 ஜிபி. இரண்டு விழுந்தாலும் தாங்கும். ஆனால் சின்னதாக எதையாவது மாற்றி எழுதினாலும் பழைய தரவையும் பேரிட்டியையும் படித்துத்தான் எழுத வேண்டும். அதனால் முழுக்க ஃபிளாஷ் டிஸ்க் உள்ள இடத்தில் மட்டுமே அனுமதித்தார்கள். ஓயாமல் எழுதும் டேட்டாபேஸுக்கு நான் இன்றும் மிரரிங்தான், அதாவது முழு நகல்தான் வைப்பேன், கோப்புகளுக்கு ரெய்ட்-6. ஆறு சர்வரும் ஒரே அறையில் இருந்தால் வெள்ளத்துக்கு எந்தப் பாலிசியும் நிற்காது. வெளியூரில் ஒரு பேக்கப் வேண்டும்.

பேரிட்டி முறையில் தொலைந்ததை மீட்கும் வேலைதான் கனமாக இருந்தது. ரீட்-சாலமன் முறையில் 16 தரவுத் துண்டும் 4 பேரிட்டியும் வைத்தால், தொலைந்த ஒன்றை மீட்க 16 துண்டுகளை முழுசாகப் படிக்க வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பி. விஜய் குமாரின் குழு, வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து, 2018-இல் 'கிளே' குறியீட்டைத் தந்தது. மிஞ்சிய 19 துண்டுகளிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி மீட்கும்; நெட்வொர்க்கில் ஓடும் சுமை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகும். திறந்தமூல மென்பொருளான செஃப்பில் அது சேர்ந்துவிட்டது.