பெயரின் வயதும் மொழியின் வயதும்

'சம்ஸ்கிருதம்' என்னும் சொல்லுக்குச் 'செம்மையாக ஆக்கப்பட்டது' என்பது பொருள். இப்பொருளைக் கொண்டே, அது எவரும் பேசாத, ஆக்கி வைத்த மொழி என்று முடிவுகட்டுவோர் உளர். அம்முடிவு பொருந்தாது.

பாணினி தம் அஷ்டாத்தியாயியில் பேச்சுமொழியைப் 'பாஷா' என்றும் வேதமொழியைச் 'சந்தஸ்' என்றும் குறிக்கிறார். 'சம்ஸ்கிருதம்' அங்கே பக்குவப்படுத்திய உணவைச் சுட்டும் சொல்லாக வருகிறது. தொலைவிலிருப்பவரை விளிக்கையில் ஈற்றுயிர் நீண்டொலிக்கும் என்றும் அவர் விதி வகுக்கிறார். வாயால் பேசப்படாத மொழிக்கு இவ்விதி எதற்கு? பிராகிருதத்தினின்று பிரித்துக்காட்டும் மொழிப்பெயராகச் 'சம்ஸ்கிருதம்' நிலைபெற்றது பிற்காலத்திலேயே.

கல்வெட்டைக் கொண்டு மட்டும் வயதை அளந்தாலும் பிழை நேரும். குஜராத்தின் ஜுனாகட்டில் ஒரே பாறையில் அசோகரின் பிராகிருதக் கட்டளைகளும், ஏறத்தாழ கி.பி. 150இல் பொறிக்கப்பட்ட ருத்ரதாமனின் சம்ஸ்கிருதக் கல்வெட்டும் உள்ளன. இரண்டுக்கும் இடையே சுமார் 400 ஆண்டுகள். சம்ஸ்கிருதம் அரசவைக் கல்வெட்டுமொழியாக ஏற்றம்பெற்றதன் காலத்தையே இது காட்டுகிறது; அம்மொழி பிறந்த காலத்தை அன்று. இன்றைய துருக்கியின் போகாஸ்கோயில் கிடைத்த கி.மு. 14ஆம் நூற்றாண்டு மிதன்னி உடன்படிக்கையில் மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் ஆகிய பெயர்கள் உள்ளன. வேதமொழிக்கு நெருங்கிய உறவுடைய ஒரு மொழியின் சுவடு அது. சம்ஸ்கிருதமே அங்கு வழங்கியதென்பதற்குச் சான்றாகாது.

பேசப்பட்ட காலம், எழுதப்பட்ட காலம், பெயர் பெற்ற காலம் ஆகிய மூன்றும் வேறு வேறு. இவற்றை ஒன்றாக்கினால் மொழிப்பெருமையும் மொழிவெறுப்பும் ஒரே பிழையில் வந்து முடியும்.