தவமணி தேவி, கே.

தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்க காலத்தில் புகழ்பெற்ற நடிகை, பாடகி, ஆடற்கலைஞர். யாழ்ப்பாணத்து இணுவிலைச் சேர்ந்தவர். இலங்கையிலிருந்து சென்று தமிழ்த் திரையில் நட்சத்திரமாக உயர்ந்தவர்களுள் முன்னோடி. ‘சிங்களத்துக் குயில்’ என்ற பட்டப்பெயரும் இவருக்கு உண்டு.

பின்னணி

தவமணி தேவி நடிக்க வந்த நாளில் இலங்கையில் படத்தொழில் வேரூன்றியிருக்கவில்லை. முதல் சிங்களப் பேசும்படமான ‘கடவுனு பொறொந்துவ’ (1947) கூட மதுரையில்தான் உருவானது. இலங்கையின் முதல் தமிழ்ப் படமான ‘சமுதாயம்’ வெளிவந்தது 1962இல். ஆகவே நடிப்பை நாடிய ஈழத்தவருக்குத் தமிழகமே வழி. தவமணி தேவியும் அங்கு சென்று கருநாடக இசையும் பரதமும் பயின்றார்.

திரை வாழ்க்கை

சேலம் மாடர்ன் தியேட்டர்சின் முதல் தயாரிப்பான ‘சதி அகல்யா’ (1937) படத்தில் அகலிகையாக நடித்தார். இயக்கியவர் டி. ஆர். சுந்தரம். புராணக் கற்பரசியாக நடித்தவரின் நீச்சலுடைப் படங்கள் வெளியானபோது பெரும் பரபரப்பு எழுந்தது. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சகுந்தலை’யில் (1940) எம். எஸ். சுப்புலட்சுமி சகுந்தலையாகவும் இவர் மேனகையாகவும் தோன்றினர்.

இவர் பெயரை நிலைநிறுத்திய படம் ‘வனமோகினி’ (1941). பகவான் இயக்கிய இப்படத்தில் எம். கே. ராதா நாயகன், சந்துரு என்ற யானைக்கும் முக்கிய இடம் உண்டு. ‘தி ஜங்கிள் பிரின்சஸ்’ (1936) என்ற ஆலிவுட் படத்தில் டாரதி லாமூர் அணிந்த உடையை ஒட்டித் தமது காட்டுப்பெண் உடையைத் தாமே வடிவமைத்தார். படம் பெருவெற்றி பெற்றது.

‘வித்யாபதி’ (1946) படத்தில் தேவதாசியாக நடித்தார். எம். ஜி. இராமச்சந்திரன் முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’யில் (1947) அவரை மயக்க முயலும் அரசி வேடம் இவருடையது. ஏ. எஸ். ஏ. சாமி இயக்கிய இப்படத்திலும் இவரது உடை பேசுபொருளாயிற்று.

பிற்காலம்

படவுலகிலிருந்து விலகியபின் இராமேசுவரத்தில் குடியேறி, ஆன்மிக ஈடுபாட்டுடன் வாழ்ந்து 2001இல் காலமானார்.

மதிப்பீடு

நாயகியின் அடக்கமே பெண்மைக்கு இலக்கணமாகக் கொள்ளப்பட்ட காலத்தில், பிறர் தயங்கிய மேனகை, காட்டுப்பெண், மோகினி வேடங்களை ஏற்று, அவற்றைக் கொண்டே நாயகியருக்கு நிகரான புகழ் ஈட்டினார். கவர்ச்சி நடிகை என்று மட்டும் இவரைக் குறிப்பது குறையுடையது. தம் பாடல்களைத் தாமே பாடி, ஆடி, உடையையும் தாமே தீர்மானித்த கலைஞர் இவர். பிற்காலத்தில் மட்டக்களப்பு மாவட்டத்தின் அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திராவும் இந்தியா சென்று ஒளிப்பதிவாளராக, இயக்குநராகப் புகழ்பெற்றார். தமிழ்த் திரைக்கு ஈழம் அளித்த கொடையின் வரலாறு தவமணி தேவியைச் சேர்த்தே எழுதப்பட வேண்டும்.