திருமண வயதும் வரன்களின் எண்ணிக்கையும்: சித்தூர், திருப்பதி வட்டாரம் – ஒரு பார்வை

ஒரு சமூகத்தினர் எந்த வயதில் மணம் புரிகின்றனர் என்பதை வழக்கமும் கல்வியும் மட்டுமே தீர்மானிப்பதில்லை. அவர்கள் ஏற்கும் எல்லைக்குள் எத்தனை வரன்கள் உள்ளனர் என்பதும் அதைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் கறுப்பினத்தவரிடையே திருமணம் குறைந்து வந்ததற்கு, நிலையான வேலையில் உள்ள ஆண்கள் அச்சமூகத்தில் குறைந்ததே முக்கியக் காரணம் எனச் சமூகவியலாளர் வில்லியம் ஜூலியஸ் வில்சன் 1987-ஆம் ஆண்டில் வாதிட்டார். இந்தியாவில் அத்தகைய எல்லையைப் பெரும்பாலும் சாதியே வகுக்கிறது.

குறையும் பெண்கள் விகிதம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது திருப்பதி தனி மாவட்டமாக இருக்கவில்லை. 2022 ஏப்ரல் 4-ஆம் தேதிதான் அது உருவானது. அன்றைய ஒருங்கிணைந்த சித்தூர் மாவட்டத்தில் 1,000 ஆண்களுக்கு 997 பெண்கள் இருந்தனர். ஆனால், 6 வயது வரையிலான குழந்தைகளில் இந்த விகிதம் 931 மட்டுமே. அக்குழந்தைகள் தற்போது மண வயதை எட்டி வருகின்றனர்.

பிறப்பு விகிதச் சரிவும் இதனுடன் சேர்கிறது. 1992-93-இல் சுமார் 2.6 ஆக இருந்த ஆந்திரத்தின் கருவுறுதல் விகிதம், 2019-21-இல் 1.7 ஆகக் குறைந்தது. ஆண்கள் தங்களைவிட இளைய பெண்களையே மணப்பதால், எண்ணிக்கையில் சிறிய தலைமுறையிலிருந்து மணமகளைத் தேட வேண்டியுள்ளது.

உறவுமுறைத் திருமணம்

தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என உறவில் மணப்பது இவ்வட்டாரத்தில் தமிழர், தெலுங்கர் இருவரிடமும் காணப்படும் வழக்கம். வரன் குடும்பத்திலேயே இருந்தால் தேடலுக்குக் காலம் செலவாவதில்லை. தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21) ஆந்திரத்தில் 20-24 வயதுப் பெண்களில் 29.3 சதவீதத்தினர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள்; தேசிய சராசரி 23.3 சதவீதம். உடன்பிறந்தோர் குறையும்போது முறைப்பெண்களும் முறைமாப்பிள்ளைகளும் குறைவர். குடும்பங்கள் வெளியே வரன் தேட நேரிடும்.

சிறிய சமூகங்கள்

எண்ணிக்கையில் சிறிய சமூகங்களில் இந்த நெருக்கடி முன்னதாகவே தெரிகிறது. அண்டை மாநிலமான தமிழ்நாட்டில், 30 முதல் 40 வயதுக்குட்பட்ட 40,000-க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு மணமகள் கிடைக்கவில்லை எனத் தமிழ்நாடு பிராமணர் சங்கம் 2021 நவம்பரில் தெரிவித்தது. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் மணமகள் தேடும் முயற்சியையும் அது அறிவித்தது.

பெண்களின் நிலை

பெண்கள் குறைவதால் அவர்களின் விருப்பத்துக்கு மதிப்புக் கூடும் என்பது உறுதியல்ல. விரைவில் மணமுடித்துத் தருமாறு பெற்றோர் மீது நெருக்குதலும் கூடக்கூடும். படிப்பைத் தொடரும் பெண்ணுக்கே காத்திருக்கும் வாய்ப்பு அதிகம். 2022 அக்டோபர் 1 முதல் ஆந்திர அரசு நடைமுறைப்படுத்திய ஒய்.எஸ்.ஆர். கல்யாணமஸ்து திட்டம், மணமகளுக்கு 18, மணமகனுக்கு 21 வயதுடன் இருவருக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியையும் கட்டாயமாக்கியது. பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு ரூ.50,000 என நிர்ணயிக்கப்பட்ட உதவித்தொகை, சாதி மறுப்புத் திருமணம் எனில் ரூ.75,000 ஆக உயர்த்தப்பட்டது. வயது, கல்வி, சாதி எல்லை ஆகிய மூன்றையும் ஒரே திட்டத்தில் இணைத்த ஏற்பாடு அது.