மூலமும் திறமூலமும்

'திறந்த' என்னும் சொல் செயற்கை நுண்ணறிவுத் துறையில் பட்ட பாட்டை இங்கே சிறிது நோக்குவோம்.

2019 பிப்ரவரியில் ஓப்பன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-2 என்னும் மொழி மாதிரியை அறிவித்தது. பெயரிலேயே திறப்பைச் சூடிய அந்நிறுவனம், தீயவர் கையில் சிக்கலாம் என்று சொல்லி, முழு மாதிரியை நவம்பர் வரை வெளியிடவில்லை. 2020இல் தோன்றிய ஜிபிடி-3 நிறுவனத்தின் கணினிகளிலேயே தங்கிவிட்டது. வலைவழியே கட்டணம் செலுத்திப் பயன்படுத்த முடிந்தது, அவ்வளவே.

இதற்கு மறுமொழியாக எழுந்தோர் தன்னார்வலர். எலூதர்ஏஐ குழுவினர் 2020 டிசம்பரில் 'தி பைல்' என்னும் உரைத்தொகுப்பையும், 2021இல் தம் மாதிரிகளையும் பொதுவில் வைத்தனர். எனினும் நாம் பெரிதும் போற்றுவது புளூம் என்னும் மாதிரியையே. ஆயிரம் ஆய்வாளர்க்கு மேல் கூடி, பிரான்சு நாட்டின் ழான் ஸே மீக்கணினியில் 2022 மார்ச்சு முதல் ஜூலை வரை அதனைப் பயிற்றுவித்தனர். அது கற்ற 46 மொழிகளுள் தமிழும் ஒன்று. எவ்வெவ்வுரைகளைக் கொண்டு கற்பித்தனர் என்பதையும் எழுதி வைத்தனர். எந்தச் சுவடியிலிருந்து பாடம் கொண்டார் எனச் சொல்லாத பதிப்பாசிரியரை நாம் நம்புவதில்லை அல்லவா? அதே நெறிதான் இதுவும்.

ஆயினும் புளூம் பரவவில்லை. 17,600 கோடி அளபுருக்கள் கொண்ட அதனை இயக்க ஏறத்தாழ 350 ஜிகாபைட் நினைவகம் வேண்டும். எத்தனை கல்லூரிகளில் அது உண்டு? அதன் உரிமமும் சில பயன்பாடுகளை விலக்கியமையால், கண்டிப்பான இலக்கணப்படி அதுவும் திறமூலம் ஆகாது.

2023 பிப்ரவரியில் மெட்டா நிறுவனம் ஆய்வாளர்க்கு மட்டும் என்று வழங்கிய லாமா, ஒரு வார அளவில் கசிந்து எங்கும் பரவியது. அதன் மிகச் சிறிய வடிவம் 700 கோடி அளபுருக்களே உடையது. ஆதலின் வீட்டுக் கணினியிலும் ஓடியது. ஜூலையில் லாமா 2ஐ வெளியிட்ட மெட்டா, அதனைத் திறமூலம் என்றே விளம்பரப்படுத்தியது. உரிமத்திலோ, மாதம் 70 கோடிக்கு மேல் பயனர் உடைய நிறுவனங்கள் தனி அனுமதி பெறவேண்டும் என்றொரு விதி! கற்பித்த உரைகளின் பட்டியலும் இல்லை. 2025 ஜனவரியில் சீனத்து டீப்சீக், ஆர்1 மாதிரியை எம்ஐடி உரிமத்தில் தாராளமாகவே அளித்தது. அங்கும் உரைகள் மறைவே.

இவை தமிழில் விடை இறுக்கும்போது எந்தத் தமிழைப் படித்துச் சொல்கின்றன என்றறிய நமக்கு வழியில்லை. புளூமின் தமிழ்ப் பகுதிக்கு மட்டும் பட்டியல் உண்டு.