ரத்தம் பார்த்துத் தரும் மருந்து

மனச்சிதைவு நோயை 'உண்டாக்கும் தாய்' என்ற பொருள்படும் கலைச்சொல்லை 1948இல் மருத்துவ உலகுக்குத் தந்தவர் ஒரு பெண். ஜெர்மனியில் பிறந்த யூதரான ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன், ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி அமெரிக்கா வந்து, மேரிலாந்து மாநிலத்தின் செஸ்ட்நட் லாட்ஜ் மருத்துவமனையில் பணியாற்றியவர். நோயாளிகளைக் கட்டிப்போடாமல், அறுக்காமல், மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசிப் பேசியே குணமாக்க முயன்ற பெரிய மனுஷி. குழந்தைப் பருவத்தில் தாயிடம் பட்ட அடியே பின்னாளில் இந்த நோயாக வெளிப்படுகிறது என்று அவர் எழுதியது ஒரு கட்டுரையின் ஒரு வாக்கியம்தான். ஆனால் அந்தச் சொல் அவரைவிட நெடுங்காலம் வாழ்ந்தது. அடுத்த இருபது முப்பது ஆண்டுகள், மகனையோ மகளையோ மருத்துவமனைக்கு அழைத்து வந்த ஒவ்வொரு தாயும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டாள். அதிகம் அன்பு காட்டினாலும் குற்றம், காட்டாவிட்டாலும் குற்றம். தகப்பனை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

க்ளோசபின் என்ற மாத்திரையின் வரலாற்றை நான் இந்தச் சொல்லிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. மருத்துவ நூல்களில் அது வேதியியலின் கதை, ஆண் ஆய்வாளர்களின் கதை. அந்த மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்த கைகளைப் பற்றி அந்த நூல்களில் ஒன்றும் இல்லை.

முதலில் அந்தக் கதையையே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1952இல் பாரிஸ் நகரத்து செயின்ட்-ஆன் மருத்துவமனையில் ழான் டிலே, பியர் டெனிக்கர் என்ற இரு மருத்துவர்கள் குளோர்புரோமசின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். காதில் ஒலித்த குரல்கள் அடங்கின, கூடங்களில் கூச்சல் குறைந்தது. ஆனால் உடல் விறைத்தது, கை நடுங்கியது, முகம் மரப்பாச்சிபோல ஆனது. நாளடைவில் வாயும் நாக்கும் தாமாகவே அசையத் தொடங்கி நிற்காமல் போயின. இந்த விறைப்பு வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று பொருள் என மருத்துவர்கள் அன்று நம்பினார்கள். எலிக்குக் கொடுத்து, அது விறைத்து நிற்கிறதா என்று பார்த்தே புதிய மருந்துகளைத் தேர்ந்தார்கள்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து வாண்டர் நிறுவனத்தில், 1950களின் இறுதியில் உருவான க்ளோசபின் அந்தத் தேர்வில் தோற்றது. எலி விறைக்கவில்லை. அப்படியானால் இது மனநோய்க்கான மருந்தே அல்ல என்று நிறுவனம் ஆர்வமிழந்தது. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் சில மருத்துவர்கள்தாம் விடாமல் பயன்படுத்தினார்கள்; நோயாளிகள் தெளிகிறார்கள், உடலும் விறைக்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 1972இல் லெபோனெக்ஸ் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அதற்குள் வாண்டர் நிறுவனம் சாண்டோஸின் கைக்குப் போயிருந்தது.

அதே 1972இல்தான் ஃபிலிஸ் செஸ்லரின் 'பெண்களும் பைத்தியமும்' என்ற ஆங்கில நூல் வெளிவந்தது. பெண்ணுக்கு விதிக்கப்பட்ட வேடத்தைச் சரியாக நடிக்காதவளையும் நடித்தே களைத்துப் போனவளையும் மனநல மருத்துவம் எப்படிப் பைத்தியம் என முத்திரை குத்தியது என்று அந்த நூல் அடுக்கிக் காட்டியது. பெண்ணியம் கற்ற நாம் மாத்திரையைச் சந்தேகிக்கக் கற்றது அங்கிருந்துதான். அந்தச் சந்தேகம் நியாயமானது. வாய் திறந்தவளை வாயடைக்க ஊசி போட்ட வரலாறு எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் இரவெல்லாம் தன்னைக் கொல்லச் சொல்லும் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பவளிடம் போய், உன் நோய் ஒரு சமூகக் கற்பிதம் என்று சொல்ல எனக்கு நா எழாது. நம் எழுத்துகளில் இந்த இரண்டாவது பெண்ணுக்கு இடம் குறைவாகவே தந்திருக்கிறோம்.

1975இல் க்ளோசபின் பின்லாந்துக்குப் போனது. சில மாதங்களுக்குள் 16 பேருக்கு ரத்தத்தின் வெள்ளை அணுக்கள், அதிலும் கிருமியோடு போரிடும் நியூட்ரோஃபில் அணுக்கள், ஏறக்குறைய முற்றாக வற்றிப்போயின. சாதாரணத் தொண்டைப்புண்கூட உயிர்குடிக்கும் நிலை. 8 பேர் இறந்தார்கள். பல நாடுகளில் மருந்து திரும்பப் பெறப்பட்டது.

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். முடியாததற்குக் காரணம், ஏற்கெனவே அதைச் சாப்பிட்டுத் தெளிந்திருந்தவர்கள். நிறுத்தினால் பழைய நரகத்துக்கே திரும்பினார்கள். வேறு எதற்கும் அசையாத நோய் இதற்கு மட்டும் அசைந்தது என்பதை அவர்கள் உடம்பே நிரூபித்தது. இடைவிடாத ரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடு சில இடங்களில் மருந்து தொடர்ந்தது. பிறகு ஜான் கேனும் அவரது குழுவினரும் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 1988இல் வெளியானது. குறைந்தது மூன்று மருந்துகளுக்கு மசியாதவர்களைத் தேர்ந்து, அவர்களுக்கு ஹாலோபெரிடாலும் கொடுத்துப் பார்த்து, அதற்கும் தேறாத 268 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஆறு வாரம். குளோர்புரோமசின் சாப்பிட்டவர்களில் 4 சதவீதத்தினர் தேறினர். க்ளோசபின் சாப்பிட்டவர்களில் 30 சதவீதத்தினர். கைவிடப்பட்டவர்கள் என்று எழுதி மூடிய கோப்புகளில் பத்துக்கு மூன்று மீண்டும் திறந்துகொண்டன. 1989இல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது.

அனுமதியோடு விலையும் வந்தது. சாண்டோஸ் நிறுவனம் மாத்திரையையும் வாராந்திர ரத்தப் பரிசோதனையையும் ஒரே கட்டாகக் கட்டி, ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 8,944 டாலர் என்று விலை வைத்தது. பரிசோதனையையும் அது சொல்லும் இடத்தில்தான் செய்ய வேண்டும். ஐரோப்பாவில் அதே மாத்திரை மிக மலிவு. அரசு மருத்துவமனைகளால் வாங்க முடியவில்லை. நோயாளிகளின் குடும்பங்கள் கொதித்தன. பல மாநிலங்களின் அரசு வழக்கறிஞர்கள் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். கடைசியில் அந்தக் கட்டு அவிழ்ந்தது.

குடும்பங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். அமெரிக்காவில் இந்தக் குடும்பங்களைத் திரட்டிய பெரிய அமைப்பு 1979இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் பிறந்தது. தொடங்கிவைத்தவர்கள் ஹாரியட் ஷெட்லர், பெவர்லி யங். இருவருமே மனச்சிதைவு வந்த மகன்களைப் பெற்ற தாய்மார்கள். 1948இன் சொல்லால் குற்றம் சாட்டப்பட்ட தாய்மார்களின் தலைமுறை, முப்பது ஆண்டுகள் கழித்து எழுந்து நின்று கேள்வி கேட்டது என்றுதான் இதை நான் படிக்கிறேன்.

இனி, மருத்துவ நூல்களில் நுணுக்கக் குறிப்பாக மட்டும் வரும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். பழைய மருந்துகள் பலவும், புதியவற்றில் ரிஸ்பெரிடோன் போன்றவையும், ப்ரோலாக்டின் என்ற சுரப்பை உடம்பில் ஏற்றிவிடும். அதனால் மாதவிலக்கு நின்றுபோகும். பிள்ளை பெறாதவளுக்கும் மார்பில் பால் கசியும். மனநோய் வந்த பெண் இதை யாரிடம் சொல்வாள்? சொன்னாலும் அதையும் பிதற்றல் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். விலக்கு நின்றதைச் சில வீடுகளில் 'தொல்லை விட்டது' என்றே எடுத்துக்கொண்டார்கள். க்ளோசபின் ப்ரோலாக்டினை ஏற்றுவதில்லை. மருந்தை மாற்றிய சில மாதங்களில், நின்றுபோன விலக்கு திரும்பி வரும். அதோடு கருத்தரிக்கும் வாய்ப்பும் வரும். மருந்துக் குறிப்பேட்டில் இது எச்சரிக்கையாகவே அச்சிடப்பட்டிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கோ தன் உடம்பு திரும்பக் கிடைத்த செய்தி அது. கருத்தடை வேண்டுமா, குழந்தை வேண்டுமா, யாரோடு என்று அவளோடு உட்கார்ந்து பேச வேண்டிய நேரம். பேசுவதற்குப் பதில், கருப்பையையே எடுத்துவிடலாமா என்று கேட்கும் குடும்பங்கள் நம் ஊரில் உண்டு.

இன்னொன்று. க்ளோசபினைச் செரிக்கும் நொதி பெண் உடம்பில் மெதுவாகவே வேலை செய்கிறது. புகைப்பழக்கம் அதை விரைவுபடுத்தும். ஆகவே ஒரே அளவு மாத்திரை, புகைக்காத பெண்ணின் ரத்தத்தில் புகைக்கும் ஆணின் ரத்தத்தில் இருப்பதைவிடக் கூடுதலாக நிற்கும். கருத்தடை மாத்திரை சேர்ந்தால் இன்னும் கூடும். தூக்கம், எடை, சர்க்கரை, மலச்சிக்கல் எல்லாம் அதோடு கூடும். இந்த மலச்சிக்கலைச் சிரித்துத் தள்ளக் கூடாது, உயிரைப் பறித்ததும் உண்டு. அமெரிக்காவில் 11,555 பேரைக் கண்காணித்து 1993இல் வெளியான ஆய்வில் 73 பேருக்கு வெள்ளை அணுக்கள் வற்றின, 2 பேர் இறந்தார்கள். ஆபத்து பெண்களுக்குக் கூடுதல் என்று அந்த ஆய்வே சொல்கிறது. ஆனால் அமெரிக்க அரசு 1977இல் தந்த வழிகாட்டுதல், கருத்தரிக்கும் வயதுப் பெண்களை மருந்துகளின் தொடக்கநிலைச் சோதனைகளிலிருந்து விலக்கி வைத்திருந்தது. அதை நீக்கியது 1993இல்தான். எந்த உடம்பில் அளந்த அளவு, எந்த உடம்புக்குத் தரப்படுகிறது என்ற கேள்வியை மாணவிகள் எல்லா மருந்துக்கும் கேட்டுப் பழக வேண்டும்.

இந்த மருந்தின் அன்றாடத்தை நான் ஒரு மாணவியிடம் கற்றேன். மாதத்தில் ஒரு நாள் முதல் இரண்டு வகுப்புகளுக்கு வரமாட்டாள். தொடக்கத்தில் வாரம் ஒரு நாள் அப்படித்தான் இருந்ததாம். அம்மாவை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போவாள். அப்பா வேறு குடும்பம் கட்டிக்கொண்டு போய் வருடங்கள் ஆகின்றன. 12.5 மில்லிகிராமில் தொடங்கி, படிப்படியாக ஏற்றி, இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் மறுபடி அடியிலிருந்து தொடங்க வேண்டும் என்ற விதியை அவள் யாப்பு விதிபோல ஒப்பிப்பாள். இரவில் வாய்நீர் ஊறித் தலையணை நனையும் என்பதால் மேலே துண்டு விரிப்பது, காலையில் துவைப்பது எல்லாம் அவள்தான். "இந்த மாசம் நியூட்ரோஃபில் நாலாயிரத்துக்கு மேல இருக்கு மேடம்" என்று அவள் சொன்ன அன்று, வருகைப்பதிவேட்டைப் பற்றிக் கேட்க வைத்திருந்த கேள்வியை நான் விழுங்கிவிட்டேன். அம்மா இப்போது பூக்கட்டி விற்கிறார். குரல் முற்றாகப் போகவில்லையாம், தூரத்தில் ரேடியோ பாடுவதுபோலக் கேட்குமாம். அது பரவாயில்லை என்கிறாராம்.

நம் சட்டம் இந்த அம்மாக்களை எப்படிப் பார்க்கிறது? இந்து திருமணச் சட்டத்தின் 1976ஆம் ஆண்டுத் திருத்தம், மணமுறிவுக்கான மனநோய் என்ற விளக்கத்தில் ஸ்கிசோஃப்ரினியாவைப் பெயர் சொல்லியே சேர்த்தது. 1988இல், மனைவிக்கு இந்த நோய் என்று மணமுறிவு கேட்டு வந்த கணவனின் வழக்கில், நோயின் பெயர் மட்டும் போதாது, சேர்ந்து வாழவே இயலாத அளவுக்கு அது முற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் நீதிமன்றத்துக்குப் போகாமலே, மனைவியை அவள் பிறந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போகும் கணவர்களை எந்தத் தீர்ப்பும் எட்டுவதில்லை.

அந்த வாசலைப் பார்த்தவர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என அறியப்படுபவர். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் கண்காணிப்பாளர். ஓய்வுக்குப் பின் 1984இல் சென்னையில் மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளையான ஸ்கார்ஃபைத் தொடங்கினார். அங்கே ஆர். தாராவும் உடன் ஆய்வாளர்களும் மணவாழ்வு முறிந்த, மனச்சிதைவு வந்த 76 பெண்களைப் பற்றி 2003இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு செய்தி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது: நோயாளி என்ற பெயரைவிட, வாழாவெட்டி என்ற பெயரே அந்தப் பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் பெரிய களங்கமாகப் பட்டிருக்கிறது. வாழாவெட்டி என்ற சொல் அந்த ஆய்வில் இல்லை, அது ஆங்கில ஆய்வு. சொல் நம்முடையது.

சொல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஜப்பானில் இந்த நோயின் பெயரும் நம்முடையதைப்போலவே 'மனம் பிளந்த நோய்' என்ற பொருளில்தான் இருந்தது. நோயாளிகளின் குடும்பங்கள் கேட்டுக்கொண்டதால், 2002இல் 'ஒருங்கிணைவுக் குறைபாடு' என்ற பொருளில் மாற்றினார்கள். தமிழில் இன்னும் சிதைவுதான். சிவனைச் சுந்தரர் பித்தன் என்று ஏசியதைத் தோத்திரமாக ஏற்றுக்கொண்ட மொழி இது. அதே சொல்லைப் பெண்பாலாக்கி எந்தக் கோயிலில் பாடியிருக்கிறோம்?

இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய காலம் கொடுத்தும் தேறாவிட்டால் க்ளோசபினைத் தொடங்க வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ நெறி. இந்நோய் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அந்த நிலைக்கு வருகிறார்கள். ஆனாலும் உலகெங்கும் இது தாமதமாகத்தான் எழுதித் தரப்படுகிறது. பயம், பரிசோதனைச் சுமை, மருத்துவரின் தயக்கம். ரத்த அறிக்கையைப் பதிவேற்றினால்தான் மாத்திரை என்ற கட்டாயப் பதிவுமுறையை அமெரிக்க அரசு 2025இல் கைவிட்டது. பரிசோதனை வேண்டும், ஆனால் தாள் தாமதமானதற்காக மருந்தை நிறுத்திவைக்க வேண்டாம் என்பது அதன் பொருள். நம் ஊரில் அப்படியொரு பதிவேடு இருந்ததில்லை. மாத்திரை மலிவு, பரிசோதனையும் சாதாரண ஆய்வகத்திலேயே செய்யக்கூடியதுதான். தேதியை நினைவில் வைத்து, பேருந்து ஏற்றி, வரிசையில் நின்று, தாளை வாங்கி வருவது வீட்டிலிருக்கும் ஒரு பெண்ணின் வேலை. அந்த வேலைக்கு அரை நாள் விடுப்பு தரும் அலுவலகத்தையோ கல்லூரியையோ நான் இதுவரை பார்க்கவில்லை.